நான்காவது கிண்ணம்

ஜூலை. புன்டா அரேனாஸில் குளிர்கால விடுமுறை.
காலை பத்துக்கு மேல்தான் வெளிச்சம் வரும்,
ஐந்தரைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும்.
மிச்சமெல்லாம் காற்று.

படகுத்துறைச் சீட்டுக் கூண்டில் எனக்கு இரவு வேலை.
மதியம் விழித்தால்
பின்னல் ஊசிகளில் ஒன்று குறைகிறது.

"அறிவியல் பெட்டி வாங்கித் தா" என்று
மூன்று நாளாய் நச்சரித்தவர்கள்.
வடக்கிலிருந்து வரும் கப்பல் தாமதம் என்றேன்.
பொய்யில்லை.
பணமும் அந்தக் கப்பலில்தான் வருகிறது என்பதை
சொல்லவில்லை, அவ்வளவே.

மேசைமேல் கழுவிக் கவிழ்த்த நான்கு தயிர்க் கிண்ணங்கள்.
காலணிப் பெட்டியின் மூடியை நறுக்கிய இரு பட்டைகள்,
கூட்டல் குறியாக.
நடுவில் என் ஊசி,
ஊசியின் காலுக்கு மை தீர்ந்த பேனாக்கூடு.
ஒரு கிண்ணத்துக்கு மட்டும்
என் நகச்சாயத்தின் சிவப்பு.

அது ஏன்?

"சுற்றை எண்ண, அம்மா.
நாலும் ஒரே மாதிரி இருந்தால்
எது வந்தது எது போனதென்று எப்படித் தெரியும்?"

மிலென்காவுக்கு ஒன்பது வயது.
பதினோரு வருடமாக
வருவோரையும் போவோரையும் எண்ணுகிறேன்.
எனக்கு இது தோன்றியதே இல்லை.

பால்கனிக் கம்பியில் கட்டினார்கள்.
அமாரோ கடிகாரம் பார்த்தான். பத்து நொடி.
"இருபத்தொன்று" என்றாள் அவள்.
"இருபத்துநான்கு" என்றான் இவன்.
சண்டை.
கிழித்த ஜூன் மாதத் தாளின் முதுகில்
இரண்டு எண்ணையும் எழுதி
நடுவே ஒரு கோடு போட்டார்கள், எல்லைத் தகராறு போல.

கீழ்வீட்டு ட்ராகோ தலையை நீட்டி,
கூரைத் தகரத்தைக் கட்டட்டுமா என்று கேட்டார்.
"இன்னும் முடிவாகவில்லை" என்றார்கள் இருவரும்,
அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில்.

மூன்று மணிக்குக் காற்று தானே முடிவெடுத்தது.
சிவப்புக் கிண்ணம் பட்டையிலிருந்து பிய்ந்து
ட்ராகோவின் கூரை தாண்டி,
மஞ்சள் வீடு தாண்டி,
நீரிணைப் பக்கம் போனது.

நான் சிரித்தேன்.
அவர்கள் சிரிக்கவில்லை.
பள்ளி கொடுத்த தாளில்
"புதிதாக எதுவும் வாங்காதே, எதையும் எறியாதே"
என்ற வரிக்கு அமாரோ அடிக்கோடு இட்டிருந்தான்.
"இப்போது அது குப்பை" என்றான்.
"நாம் போட்ட குப்பை."

போனோம். வேறென்ன செய்ய?
தெருமுனையில் ஆட்கள் பிடித்து நடக்கக் கட்டிய கயிற்றை
மூவரும் பிடித்துக்கொண்டு,
மூச்சை வாய்க்குள் திருப்பித் தள்ளும் காற்றில்.
உடைந்த பழைய துறையின் கட்டைகளில்
நீர்க்காகங்கள் ஒரே திசை பார்த்து நின்றன.
கரையில் ஒரு கையுறை, இடது.
எண்ணெய் டப்பா.
ஆறு தயிர்க் கிண்ணங்கள்,
எதிலும் சிவப்பில்லை;
நாங்கள் வாங்கியே இராத பழச்சுவை ஒன்று.

எங்களுடையது கிடைக்கவில்லை.
மற்றவர்களுடையதைச் சுமந்து
இருட்டில் வீடு சேர்ந்தோம்.

கம்பியில் மூன்று கிண்ணங்கள்
நொண்டியபடி சுற்றிக்கொண்டிருந்தன.
நின்றிருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம்.
மிலென்கா இறக்கினாள்,
கூட்டல் குறியைப் பிரித்து
மூன்று கைகளைச் சம தூரத்தில் பரப்பினாள்.
நொண்டல் போயிற்று.
"நாலாவது தேவையே இல்லை!" என்றவள்
கூவிய வாயை மூடிக்கொண்டாள்,
ஓடிப்போன கிண்ணத்துக்குக் கேட்டுவிடும் போல.

பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.
நகச்சாயம்.
இவானியாவின் கல்யாணத்துக்கென்று
அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.
கொடுத்தேன்.

விடியாத நேரத்தில் கூண்டுக் கண்ணாடியைத் தட்டி
லாரிக்காரர் ஒருவர் கேட்டார்:
காற்று எப்படி, படகு போகுமா?

பத்து நொடிக்கு இருபத்தொன்று என்றேன்.
இருபத்துநான்கு என்றும் சொல்கிறார்கள்.